ஈ உட்கார்ந்த கனம்

செப்புக் காப்பு விரல்களின் முதல் கணுவில் வந்து நின்றுகொண்டது. அதற்கு மேல் ஏற மாட்டேன் என்றது.

"ஏட்டி செட்டியார்பட்டி, வெளக்கெண்ணெய எடுத்துட்டு வா" என்றார் என் மாமியார்.

எனக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவருக்கு நான் செட்டியார்பட்டிதான். எனக்கு அவர் அத்தை.

எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினேன். அத்தை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வலது கையின் ஐந்து விரல்களையும் குவித்து, எண்ணெயை வழிய விட்டு, இடது கையால் காப்பைத் திருகித் திருகித் தள்ளினார். மேலுதட்டில் வேர்வை பூத்தது. பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. காப்பு அதே கணுவில்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குப் பொசுக்குன்னு கழண்டு வந்துச்சு. இப்பப் பாரு, கைய அடையாளம் தெரியாத மாதிரி முழிக்குது!"

கையை எப்படி அடையாளம் தெரியும்? தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே உப்பல். விரல்கள் ஒவ்வொன்றும் பிஞ்சு வாழைக்காய். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி மறுபடி நிரம்புவதற்குள் நான் ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுவிடலாம்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கல்யாண வண்டி குடை சாய்ந்த கதையைச் சொன்னேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா, "உங்கள் மாமியார் உங்களைக் கொடுமைப்படுத்தினாரா?" என்று கடிதம் போட்டிருக்கிறார். எனக்கு எழுத்து தெரியாது. பேத்திதான் வாசித்துக் காட்டினாள். நான் சொல்வதை எழுதுகிறவளும் அவளே. அந்த அம்மாவுக்குப் பதில்: படுத்தினார். நானும் திருப்பிப் படுத்தினேன். அதில் நான் ஜெயித்த ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது.

மலையடிவாரத்துச் சாக்கு

அத்தை சுளுக்கு எடுப்பவர். அந்த வட்டாரத்தில் யாருக்குக் கழுத்துப் பிடித்தாலும், கால் பிசகினாலும், இடுப்பில் வாயு நின்றாலும் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். பருத்தி ஜின்னிங் பாக்டரியில் மூட்டை தூக்குகிறவர்கள் பாதிப்பேர் முதுகு அத்தையின் கைக்குப் பழக்கம். அத்தை ஆள் ஒல்லி. ஆனால் கட்டைவிரலை ஊன்றினால் கடோத்கஜன் மாதிரி ஆட்கள் "ஆத்தே" என்று அலறுவார்கள். அலறல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பேர் அத்தைக்கு.

அவருடைய அம்மா கையில் கிடந்தது அந்தக் காப்பு. அது வலது மணிக்கட்டில் இல்லாமல் யார் மேலும் கை வைக்க மாட்டார். ஒருநாள் கிணற்றடியில் தேய்த்துக் கழுவக் கழற்றி வைத்திருந்தபோது, என் மாமனார் கழுத்துப் பிடிப்போடு வந்து நின்றார். காப்பு காய்ந்து கைக்கு ஏறுகிற வரைக்கும் கோழி மாதிரி ஒருபக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார் பாவம்.

இதைவிடப் பெரிய சங்கதி புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை இருக்கிறதே, பெருமாள் மலை, அங்கே கூட்டம் அம்மும். படி ஏறி இறங்கிப் பழக்கமில்லாத சனம் காலைப் பிசகிக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கும். அடிவாரத்தில் புளியமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து அத்தை உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை காசு வாங்க மாட்டார். அது பெருமாளுக்கு அவர் செய்கிற ஊழியம். சமைந்த வருஷத்திலிருந்து ஒரு புரட்டாசி விட்டதில்லை என்பார்.

இந்தச் சம்பவம் நடந்தது வைகாசி முடிகிற நேரம். புரட்டாசிக்கு மூன்று மாசத்துக்கு மேலே இருந்தது. காப்போ முதல் கணுவில் நின்றது.

"ஒத்தக் கைய வச்சுக்கிட்டு அங்கன போயி என்னத்தச் செய்ய? பொங்கலு வாங்கித் திங்கவா?" என்று காப்பைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டார். பானை மூடியை வைத்த சத்தத்தில் வாசலில் மேய்ந்த கோழி ஓடிவிட்டது.

நகராத கட்டி

ஆஸ்பத்திரிக்கு ஏன் போனார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே.

உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடையாது, பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை. அந்த நாளில் ஒருநாள் குளித்துவிட்டு வந்த அத்தை என்னை உள்ளே கூப்பிட்டார். வலது மார்பில் என் விரலை எடுத்து வைத்தார். புளியங்கொட்டை அளவு ஒன்று தட்டுப்பட்டது.

"நகருதா பாரு."

"நகரலயே அத்தே."

"ம். நகருற கட்டின்னா நானே விட்டிருப்பேன். நகராதது ஆகாது. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போறோம்."

எத்தனை ஆயிரம் உடம்பைத் தொட்ட விரல்! அழவில்லை, குறி கேட்கப் போகவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், "இத எடுத்துப் போடுங்க" என்று தானே சொல்லிவிட்டார். டாக்டரம்மா அசந்து போனார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. புண்ணும் ஆறியது. வீட்டுக்கு வந்தோம்.

வந்த பதினைந்தாம் நாள் கை வீங்க ஆரம்பித்தது.

விரல் வழியாக இறக்குவது

வீக்கம் என்றால் அத்தைக்குத் தெரியாத வைத்தியமா? நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சச் சொன்னார். கை பொறுக்கிற சூட்டில் ஊற்றச் சொன்னார். தோளில் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, அழுத்தி, கீழ்நோக்கி உருவி, விரல் நுனிக்கு வந்ததும் ஒவ்வொரு விரலையும் சொடக்கு எடுத்து, கையை உதற வேண்டும். உதறும்போது நோவு தரையில் விழும். அந்த இடத்தை யாரும் மிதிக்கக் கூடாது. தண்ணீர் தெளித்த பிறகுதான் நடக்கலாம். அவர் அம்மா காலத்திலிருந்து அதுதான் முறை.

தன் கையைத் தானே உருவ முடியாது. ஆகவே நான்.

"அமுக்குட்டி."

அமுக்கினேன்.

"அமுக்குதியா, கோலம் போடுதியா? ஈ உக்காந்தாக்கூட இதவிடக் கனமா இருக்கும்டி! ஒங்கப்பன் ஒனக்குக் கஞ்சி ஊத்துனானா, கஞ்சித்தண்ணி ஊத்துனானா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்பாவை இழுத்தால் வரும். முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, வரட்டி தட்டுகிற பலத்தோடு உருவினேன். அத்தை முகம் சுருங்கியது. ஆனால், "ஆங், இப்பத்தான் மருமக கை மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பாராட்டுக்காக மூன்று நாள் உருவினேன். நான் பட்ட பெருமைக்குப் பின்னாடி என்ன வரப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் தோள் கொஞ்சம் வடிந்த மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் புறங்கை பணியாரம் மாதிரி எழும்பியது. மூன்றாம் நாள் கை முழுக்கச் சிவந்து, தொட்டால் அடுப்புக் கல்லாகக் கொதித்தது. பல் கிட்டிக்கிற குளிர் காய்ச்சல்.

கரி பஸ்

பஸ்ஸின் பின்னால் பெரிய தகர அடுப்பு. கிளீனர் அதைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்து, புகை எங்கள் கண்ணை எரித்து, அது மனசு வைத்துக் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள், என் மடியில் தலை வைத்திருந்த அத்தைக்குப் பிதற்றல் வந்துவிட்டது. பிதற்றலிலும் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லா அமுக்குட்டி."

எஸ்தர் என்று ஒரு சிஸ்டர். நாசரேத் பக்கம். வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. கையைப் பார்த்தார். என் விரல் பதிந்த தடம் நீலமாக இருந்தது.

"யாரு இப்படிப் போட்டு அமுக்குனது?"

காய்ச்சலிலும் அத்தை வாயைத் திறந்தார். "இவதான். இவளுக்கு அமுக்கத் தெரியல. அதான் இறங்கல."

"அமுக்கத் தெரியாததுனாலதான் இந்த மட்டுக்குத் தப்பிச்சீங்க ஆச்சி!"

ஒரு வாரம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள், கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தார்கள். சிவப்பும் காய்ச்சலும் அடங்குகிற மட்டும் யாரும் கையைத் தடவக் கூடாது என்று உத்தரவு. காய்ச்சல் விட்ட பிறகு சிஸ்டர் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆச்சி, கால்ல முள்ளு குத்திச் சீழ் வச்சா, தொடையிடுக்குல என்ன வரும்?"

"நெறி கட்டும். சின்னப்புள்ளைக்கும் தெரியும்."

"அந்த நெறி அக்குள்லயும் இருக்கு. கையில ஊறுற நீரெல்லாம் அதுக்குள்ள பூந்துதான் மேல போயி ரத்தத்தோட சேரும். ஒங்க கட்டிய எடுக்கும்போது நெறியயும் எடுக்க வேண்டியதாப் போச்சு. விட்டா கட்டி அங்கன மொளைக்கும். இப்ப நீருக்குப் போற வழி அடைஞ்சு போச்சு. அது சுத்து வழி கண்டுபிடிச்சுப் போகணும்."

"அமுக்குனா வழி பொறந்துட்டுப் போகுது!"

"அந்த வழியெல்லாம் தோலுக்கு அடியிலயே நூலவிட மெலிசா ஓடுது. அமுக்குனா நசுங்கிரும். லேசாத் தடவணும். மேல பாத்துத் தடவணும்."

"மேல பாத்தா?" அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நோவ நெஞ்சுக்கு ஏத்தச் சொல்லுதியா?"

சிஸ்டர் சிரிக்கவில்லை. இப்படியே விட்டால் நீர் உறைந்து, தோல் தடித்து, யானைக்கால் மாதிரி கை மரத்துப் போகும். பிறகு மடக்கவே முடியாது என்று சொன்னார். முள், நெருப்பு, கத்தி எதுவும் அந்தக் கையில் படக் கூடாது என்றும் சொன்னார். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கரி நான் வாங்கித் தாரேன்

வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். "மேல பாத்துத் தடவ விட மாட்டேன்."

"சிஸ்டர் சொன்னாகள்ல அத்தே."

"அவ எத்தன சுளுக்கு எடுத்திருக்கா?"

"சுளுக்கு இல்ல அத்தே இது."

"எனக்கே படிச்சுக் குடுக்கியா? நேத்து வந்த செட்டியார்பட்டி!"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "சரி. எனக்கு எட்டு நாள் குடுங்க. அம்புட்டு நாளும் என் இஷ்டத்துக்குத் தடவுவேன், வாயத் தொறக்கப்படாது. எட்டாம் நாளு காப்பு ரெண்டாங் கணுவுக்கு ஏறலன்னா, நான் எங்கப்பா வீட்டுக்குப் போயிருதேன்."

வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த மாமனாரின் கை நின்றது.

"பஸ்ஸுக்குக் கரி நான் வாங்கித் தாரேன்" என்றார் அத்தை.

பந்தயம் முடிவாயிற்று. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். என் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நெசமாவே போயிருவியா?" என்று கேட்டார். "காப்புக்கிட்டக் கேளுங்க" என்றேன்.

முதல் மூன்று நாள் நான் செய்தது, விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கித் தடவிக்கொண்டு போனது. சிஸ்டர் சொன்ன மாதிரியே லேசாகத்தான். ஆனால் புறங்கை கொஞ்சம் இறங்கும். தோளுக்குக் கீழே தவில் தோல் மாதிரி விம்மும். சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்துவிடும். காப்பு அதே முதல் கணு. அத்தை பந்தயப்படி வாயைத் திறக்கவில்லை. ஆனால் மாமனாரைப் பார்த்து, "கரி இப்ப என்ன விலை விக்குது?" என்று கேட்டார்.

கடைசி மடை

நாலாம் நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு என் அண்ணன் அடி வாங்கியது ஞாபகம் வந்தது.

எங்கப்பா செட்டியார்பட்டியில் நீர்பாய்ச்சி. கண்மாய்த் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது, எப்போது அடைப்பது என்பது அவர் வேலை. தோளில் மண்வெட்டி இல்லாத அப்பாவை எனக்கு நினைவே இல்லை. ஒரு வருஷம் ஐப்பசியில் விடாமழை. வயலெல்லாம் பயிர் முங்கிக் கிடந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். தண்ணீர் எங்கே அதிகம் நிற்கிறது? மேல் வயலில். அதை வெட்டிவிட்டான். அது அடுத்த வயலில் பாய்ந்தது. அதுவோ ஏற்கெனவே நிறைந்து நிற்கிறது. வரப்பு உடைந்து, இரண்டு வயல் பயிரும் மண்ணோடு போனது.

அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டே வந்தார். ஒரு அறை. "ஏலே, கீழ நிறைஞ்சு நிக்கையில மேல தொறந்தா தண்ணி ஒன் தலைக்கா போகும்? மொதல்ல கடைசி மடையத் தொற. அது வடிஞ்சதும் அதுக்கு மேல உள்ளது. அப்படியே பின்னாலயே வா. மேல வயலு கடேசில!"

சாம்பல் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். நானும் அண்ணன் செய்ததைத்தானே செய்கிறேன்! நீர் அதிகம் நிற்கிற விரலில் தொடங்குகிறேன். அது போக வேண்டிய தோள் நிறைந்து கிடக்கிறது. வலது அக்குள் மடை அடைந்துவிட்டது, சரி. வேறு மடை எது? சிஸ்டர் சுற்று வழி என்றாரே. இந்தப் பக்கம் போனதென்றால் அந்தப் பக்கம் ஒரு அக்குள் இருக்கிறதே! கழுத்தடியில் எலும்புக்கு மேலே குழி இருக்கிறதே. தொண்டைப் புண் வந்தால் அந்தப் பக்கமும் நெறி கட்டுமே!

கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன்.

பூனையைத் தடவுவது

அத்தையை மல்லாக்கப் படுக்க வைத்தேன். கைக்கு அடியில் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை. எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். எண்ணெய் போட்டால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், தோல் நகராது. மூன்று நாளில் அதையும் கண்டுபிடித்திருந்தேன்.

முதலில் கழுத்துக் குழி. விரல்களைச் சும்மா வைத்து, தோல் மட்டும் அசைகிற மாதிரி, மெல்ல வட்டம். சதையைத் தொடக் கூடாது. அடுத்தது இடது அக்குள்.

அத்தை வாயைத் திறந்துவிட்டார். "ஏட்டி! வீங்குனது வலது கை. இடது அக்குள்ள என்னத்தத் தேடுத?"

"கடைசி மடையத் தொறக்கேன் அத்தே."

"என்னது?"

"பேசப்படாதுன்னு பேச்சு."

"எண்ணெயும் இல்லாம, அமுக்கலும் இல்லாம... பூனையத் தடவுத மாதிரில்லா தடவுதா!"

இடது அக்குள் முடிந்ததும், நெஞ்சின் குறுக்கே, தழும்புக்கு மேலாக, வலமிருந்து இடமாக. ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு தடவை. பிறகு வலது தோள். பிறகு தோளுக்குக் கீழே. பிறகு முழங்கை, அதற்குக் கீழே, மணிக்கட்டு, புறங்கை. விரல்கள் கடைசி. கீழ்ப்பகுதியைத் தொடும் ஒவ்வொரு முறையும் மேலே போய் வழி திறந்திருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவேன். அப்பா வரப்பில் நடப்பாரே, அப்படி.

பாதியில் ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் அத்தை குறட்டை! அவர் அலறலுக்குப் பேர் போன வைத்தியக்காரி. தன் கட்டிலில் குறட்டை விட்ட முதல் நோயாளி அவரே.

எழுந்ததும், "நான் ஒறங்கல. கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார். சற்று நேரத்தில் கொல்லைப் பக்கம் போனார். வந்தார். மறுபடி போனார். மூன்றாவது தடவை போய் வந்தபோது என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மோர்ல எதையாச்சும் கலந்தியா?"

"இல்லியே."

"அப்ப எங்கெருந்து இம்புட்டுத் தண்ணி?"

நான் அவர் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். புறங்கையில் இரண்டு நரம்பு தெரிந்தது. ஒரு மாசமாகக் காணாமல் போயிருந்த நரம்பு!

எட்டாம் நாள் மாமனார் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் கதவோரம் நின்றார். அரிசிப் பானையில் கை விட்டுக் காப்பை எடுத்தேன். ஏறியது. முதல் கணு தாண்டியது. இரண்டாம் கணுவுக்கு ஒரு நெல் அகலம் இருக்கும்போது நின்றது.

அத்தையின் விரல்களை உற்றுப் பார்த்தேன்.

"அத்தே, வெரல விரிக்காதிய."

"யாரு விரிச்சா?"

"நீங்கதான். சுண்டுவெரலப் பாருங்க."

மாமனார் குனிந்து பார்த்தார். "விரிச்சிருக்க" என்றார். முப்பது வருஷத்தில் அத்தைக்கு எதிராக அவர் சொன்ன ஒரே சாட்சி அதுதான் என்று நினைக்கிறேன். அத்தை விரலைச் சேர்த்தார். காப்பு சுகமாக இரண்டாம் கணுவில் போய் உட்கார்ந்தது.

"சரி, சரி. கரிக்காசு மிச்சம்" என்றார் அத்தை.

புரட்டாசி

அதற்குப் பிறகு தினம் மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம். மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்துப் பட்டி செய்து, விரலிலிருந்து மேலே போகப் போகத் தளர்வாகச் சுற்றிக் கட்ட சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நான் தடவுவதைச் செய்து காட்டச் சொன்னார். டாக்டரம்மாவும் வந்து பார்த்தார்.

"இந்த வரிசைய யாரும்மா சொல்லித் தந்தா?"

"செட்டியார்பட்டிக் கண்மாய்" என்றேன். அவர்களுக்கு அப்பா கதையைச் சொன்னேன். டாக்டரம்மா சிஸ்டரைத் திரும்பிப் பார்த்து, "நாமளும் இப்படியே செஞ்சு பாப்போம்" என்றார். அன்று பஸ்ஸில் அத்தை ஜன்னலோரச் சீட்டை எனக்கு விட்டுவிட்டார்.

ஆவணி கடைசியில் காப்பு முட்டியைத் தாண்டி மணிக்கட்டில் விழுந்தது. இடது கையைவிட வலது கை கொஞ்சம் தடிமன்தான். கடைசி வரை அப்படியே இருந்தது. ஆனால் மடங்கியது, நீண்டது, சோறு பிசைந்தது. வலது கையால் பலம் போட்டு அமுக்கக் கூடாது என்று சிஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இடது கையால் தொட்டால் சனம் ஒத்துக்கொள்ளாதே? அத்தை அதற்கும் வழி வைத்திருந்தார். காப்புப் போட்ட வலது கையை முதலில் நோவு மேல் வைப்பார், கண்ணை மூடுவார், ஏதோ முணுமுணுப்பார். வந்த ஆளும் கண்ணை மூடியதும் இடது கட்டைவிரலை ஊன்றுவார். அலறல் அதே அலறல்.

முதல் சனிக்கிழமை விடியற்காலையே மலையடிவாரம் போய்விட்டோம். துளசி வாசனை, மொட்டைத் தலைகளில் சந்தன வாசனை. புளியமரத்தடியில் சாக்கு விரித்தாயிற்று. நான் பின்னால் நின்று, ஆட்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சாக்குக்கு எதிரே மண்ணில் உட்கார வைக்கிற வேலை. அந்தச் சாக்கில் அத்தையைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

உச்சி வெயில் நேரம். ராஜபாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தார். எஸ்தர் சிஸ்டர் அனுப்பினாராம். "சுளுக்கு ஆச்சி வீட்டுல கேளுங்கன்னு சொன்னாங்க" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அத்தை முந்தானையை விலக்கினார். கையைப் பார்த்தார். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். குழி விழுந்தது. குழி நிரம்புகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என் கை ஆகாது தாயி" என்றார்.

அந்த அம்மாவின் முகம் விழுந்தது. அத்தை தலையைத் திருப்பாமலே கூப்பிட்டார்.

"ஏட்டி செட்டியார்பட்டி, இங்க வா."

பிறகு அந்த அம்மாவிடம், "பயப்படாதிய. என் மருமக. இவ கைய வச்சா ஈ உக்காந்த கனந்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சாக்கில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.